எக்செல்லில் திறக்காத இணைப்பு

பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அரிசி, மா கொடுக்கும் எனக்கு விலைமனு விபரம் எக்செல் கோப்பில்தான் வருகிறது. சென்ற மாதம் அதிலிருந்த இணைப்பை அழுத்தினேன். ஏற்கனவே கடவுச்சொல் கொடுத்து உள்ளே போயிருந்தும், திரும்பவும் நுழைவுப் பக்கமே வந்தது. மறுபடி கொடுத்தால் முகப்புப் பக்கம், விலைமனுவைக் காணோம். நான்கு மணியோடு காலம் முடிகிறது. பதுளையில் மழை, லைன் பழுதாக்கும் என்று ரவுட்டரைத் திட்டினேன். பாவம், அதில் பிழையில்லை.

மூன்றரைக்கு மகன் வந்து, முகவரியைக் கொப்பி பண்ணி பிரவுசரில் இட்டான். திறந்தது!

எக்செல்லும் வேர்டும் இணைப்பை நேரே பிரவுசரிடம் கொடுப்பதில்லை. முதலில் தாமே போய்த் தளத்தைத் தட்டிப் பார்க்கின்றன. நாம் உள்ளே நுழைந்ததற்கு அடையாளமான ‘குக்கீ’ இருப்பதோ பிரவுசரிடம். ஆளைத் தெரியாத தளம் நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அந்த முகவரிதான் பிரவுசருக்கு வந்து சேர்கிறது.

இணைப்பின் மேல் மவுஸின் வலப் பட்டனை அழுத்தி, ‘எடிட் ஹைப்பர்லிங்க்’கில் முகவரியை எடுங்கள். எதுவுமே திறக்காமல் ‘தடை’ என்று செய்தி வந்தால் அது வேறு நோய். விண்டோஸ் செட்டிங்ஸில் வழமையான பிரவுசரைத் தெரிவு செய்து பாருங்கள்.

என் விலைமனு 3.50க்குப் போய்ச் சேர்ந்தது. அவசரத்தில் பருப்புக்கு மட்டும் விலையைக் குறைத்துப் போட்டுவிட்டேன்.