உங்களுக்குத் தெரியுமா? அரசு வேண்டாம் என்றவர்களின் தாய்வீடு

◆ அரசாங்கம் வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது, வரி குறைய வேண்டும் என்று பேசுபவர்களை இன்று ‘லிபர்டேரியன்’ என்கிறோம். சோஷலிசத்தின் பரம எதிரிகள் என்று அவர்களுக்குப் பெயர். ஆனால் அந்தப் பெயரை முதலில் அரசியல் கொடியாகப் பிடித்தவர் ஒரு சோஷலிஸ்ட்! பிரான்சைச் சேர்ந்த ஜோசப் டெஜாக், வீட்டுச் சுவர்களில் அலங்காரக் காகிதம் ஒட்டிப் பிழைத்த தொழிலாளி. 1857-இல் புரூதோன் என்ற பெரிய சிந்தனையாளருக்குக் கடிதம் எழுதி, பெண்களுக்குச் சம உரிமை மறுப்பதற்காக அவரை ஒரு பிடி பிடித்தார். 1858 முதல் 1861 வரை நியூயார்க்கில் அந்தப் பெயரிலேயே ‘லெ லிபர்டேர்’ என்ற பத்திரிகையை நடத்தினார். அரசும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம் என்பது அவர் கொள்கை.

◆ சந்தைச் சுதந்திரத்துக்கு வாதாடிய பாஸ்தியா 1848 புரட்சிக்குப் பின் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இடதுசாரி வரிசையில்தான் உட்கார்ந்தார். அடுத்த ஆண்டு அவருக்கும் புரூதோனுக்கும் பத்திரிகையில் பெரிய விவாதம். எதைப் பற்றி? வட்டி வாங்குவது நியாயமா என்பது பற்றி. முதலாளியிடம் பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்தவர்கள் வாழ்ந்த கடையநல்லூரில் இந்தக் கேள்வியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தறி யாருடையது, லாபம் யாருக்கு? சந்தை ஆதரவாளர்களும் சோஷலிஸ்டுகளும் பிரிந்த இடம் இதுதான்.

◆ அமெரிக்காவில் சந்தை ஆதரவாளர்கள் அந்தப் பெயரைப் பரவலாக எடுத்துக்கொண்டது 1950-களில்தான். லிபர்டேரியன் கட்சி அங்கே பிறந்தது 1971-இல்.

◆ அதற்கு 12 ஆண்டுகள் முன்பே சென்னையில் சுதந்திராக் கட்சி பிறந்துவிட்டது. 1955 ஆவடி மாநாட்டில் காங்கிரஸ் சோஷலிச பாணி சமுதாயத்தை ஏற்றது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூட்டுப்பண்ணைத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஜூனில், 80 வயது ராஜாஜி புதுக் கட்சியை அறிவித்தார். உரிமம், பர்மிட், கோட்டா ஆட்சி ஒழிய வேண்டும் என்றார். முதல்வராக இருந்தபோது 1952-இல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். அந்தத் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே, பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றவரும் அவரே. குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது சரிதான். வியாபாரிக்குக் கேட்ட சுதந்திரத்தை நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கும் கேட்டிருக்க வேண்டாமா?

◆ சுதந்திராக் கட்சியின் முக்கியத் தலைவர் மினு மசானியே, 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

◆ கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று 1952-இல் அறிவித்த ராஜாஜி, 1967 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி இடம்பெற்ற அதே தி.மு.க. கூட்டணியில் இருந்தார். சட்டமன்றத்தில் சுதந்திராவுக்கு 20 இடம், மார்க்சிஸ்டுகளுக்கு 11.

◆ அரசையும் சந்தையையும் எதிர்பார்க்காமல் மக்களே கூடிச் செய்வதுதான் பழைய லிபர்டேரியன் சோஷலிஸ்டுகளின் கனவு. கடையநல்லூரிலிருந்து பிழைக்கப் போனவர்கள் இந்தப் பெயர் எதுவும் இல்லாமலே அதைச் செய்து காட்டினார்கள். சிங்கப்பூரில் 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் கண்டார்கள். போர் முடிந்ததும், 1946-இல், உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982 வரை அது நடந்தது.

◆ ரஷ்யப் புரட்சிக்குப் பின் லெனினைச் சந்தித்துவிட்டு, பிறகு அந்த அரசையே எதிர்த்த தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் உண்டு. எம்.பி.டி. ஆச்சாரியா, 1887-இல் சென்னையில் பிறந்தவர். பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகைப் பணியில் இருந்துவிட்டு லண்டன் போனார். அங்கே இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் வ.வே.சு. ஐயரின் தோழர். அந்த ஐயர்தான் பிறகு புதுச்சேரியில் செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அமைந்தபோது அதன் தலைவராக இருந்தவர் ஆச்சாரியா. அந்தக் கட்சியை அமைப்பதில் முன்நின்ற எம்.என். ராயுடன் மோதல் முற்றி, சில மாதங்களிலேயே பதவி போயிற்று. பெர்லினுக்குப் போய் அரசில்லாச் சோஷலிசத்தின் பக்கம் நின்றார். ரஷ்ய ஓவியர் மக்தா நாஹ்மன் அவர் மனைவி. 1935-இல் பம்பாய் திரும்பியவர், அரசுடைமை என்பது இன்னொரு முதலாளித்துவம்தான் என்று கடைசிவரை எழுதினார். வறுமையில் வாடி 1954-இல் இறந்தார்.

◆ பம்பாயில் ஆச்சாரியாவுக்கு இடம் கொடுத்தவர் ரண்சோட்தாஸ் லோட்வாலா. ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கேயின் ‘சோஷலிஸ்ட்’ பத்திரிகைக்குத் துணை நின்றவர். 1947-இல் அவர் நிறுவனம் ‘லிபர்டேரியன் சோஷலிஸ்ட் இன்ஸ்டிட்யூட்’ ஆயிற்று. ஆச்சாரியா மறைந்தபின், 1950-களின் பிற்பகுதியில் அதே வட்டாரத்திலிருந்து வந்த ‘இந்தியன் லிபர்டேரியன்’ சந்தைப் பொருளாதாரத்துக்கு வாதாடியது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் நூறு ஆண்டுகளில் நடந்த மாற்றம் பம்பாயில் பத்தே ஆண்டுகளில் முடிந்துவிட்டது.

வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், வாஞ்சிநாதனையும் வ.வே.சு. ஐயரையும் சொல்லும்போது எம்.பி.டி. ஆச்சாரியாவின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.