தங்கையின் பணமும் சர்க்கார் உண்டியலும்

பிழைப்பைத் தேடி வடக்கே வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்ட குடும்பங்களில், ஊரிலிருக்கும் பூர்வீக வீட்டை விற்கும் நாள் என்றாவது ஒரு நாள் வந்தே தீருகிறது. பத்திரம் பதிவாகிப் பணம் கைக்கு வந்த பிறகே சங்கடம் ஆரம்பமாகிறது. பங்கு பிரிக்க வேண்டும். ஒருவர் பங்கை இன்னொருவர் சில மாதம் வைத்திருக்க வேண்டும். அந்தச் சில மாதங்களுக்குப் பணத்தை எங்கே வைப்பது?

எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வசிக்கும் அன்பர் ஒருவர் மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கும்பகோணத்துக்கு அருகே இருந்த அவர்களுடைய வீடு 2025ஆம் ஆண்டுக் கோடையில் விலை போயிற்று. நாகபுரியிலிருக்கும் தங்கையின் பங்கு ஆறு லட்சம் ரூபாய். அந்த அம்மாள், “அண்ணா, உங்களிடமே இருக்கட்டும். ஜனவரி 5ஆம் தேதிக்குள் பையன் படிப்புக்குக் கட்ட வேண்டும், அப்போது அனுப்பினால் போதும்” என்று சொல்லிவிட்டாள். பிறர் பணத்தை வைத்திருப்பது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வது போலத்தான். உடன்பிறந்தாள் பணம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவைக்கலாம். ஆனால் 2025இல் பெரிய பாங்குகள் பலவும் சேமிப்புக்குக் கொடுத்த வட்டி ஆண்டுக்கு இரண்டரை சதவீதமே. அன்றியும், பாங்கு ஒன்று முறிந்தால் ஒருவருக்கு அந்தப் பாங்கில் எத்தனை கணக்கு இருந்தாலும், அசலும் வட்டியுமாக ஐந்து லட்சம் வரையில்தான் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. 1962இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது அது வெறும் 1,500 ரூபாயாக இருந்தது. ஐந்து லட்சமாக உயர்ந்தது 2020 பிப்ரவரியில். அன்பருடைய சொந்தச் சேமிப்பும் அதே பாங்கில் இருந்தபடியால், தங்கையின் ஆறு லட்சம் அந்த வரம்புக்கு வெளியே நின்றது. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கொண்டுபோன கதையைப் பாட்டனாரிடம் கேட்டு வளர்ந்தவர் அவர். இன்று பெரிய பாங்கு முறியும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் அவருடைய அச்சத்தை அசட்டுத்தனம் என்று தள்ளவும் மனம் வரவில்லை.

ஆகவே அவர் நாடியது ‘டிரஷரி பில்’ என்னும் கருவூல உண்டியலை. உண்டியல் நமக்குப் புதிதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனுக்கும் சென்னைக்கும் இடையே அதைக் கொண்டே பெரும் வாணிகம் நடத்தினார்கள். இன்ன தேதியில் இவ்வளவு தருவேன் என்ற வாக்குறுதியே உண்டியல். அந்த வாக்குறுதியைச் சர்க்காரே கொடுத்தால் அது கருவூல உண்டியல். பிரிட்டனில் 1877இல், பொருளியல் எழுத்தாளர் வால்டர் பேஜ்காட் சொன்ன யோசனையின் பேரில் இது பிறந்தது. இந்தியாவில் முதல் உலகப் போரின் நெருக்கடியில், 1917 அக்டோபரில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. பின்னால், 1955 முதல் 1997 வரையில், டில்லி சர்க்கார் தன் பற்றாக்குறையை நிரப்ப ரிசர்வ் பாங்குக்கே தனி உண்டியல்களை எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கிவந்த கதை ஒன்று உண்டு. அதை விரித்தால் இந்தப் பக்கம் போதாது.

இன்று 91 நாள், 182 நாள், 364 நாள் என மூன்று வகை உண்டியல்கள் உள்ளன. வட்டி என்று தனியாக எதுவும் வருவதில்லை. நூறு ரூபாய் உண்டியலைக் குறைந்த விலைக்கு வாங்குகிறோம். தவணை நாளில் முழு நூறு கிடைக்கிறது. கணக்குக்காக 182 நாள் உண்டியலின் விலை 97 ரூபாய் 35 காசு என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சம் முகமதிப்புக்கு நாம் கொடுப்பது 5,84,100 ரூபாய், லாபம் 15,900. ஆண்டுக் கணக்கில் இது ஏறக்குறைய 5.46 சதவீதம். அதே தொகை இரண்டரை சதவீதத்தில் கிடந்தால் ஏழாயிரத்துச் சொச்சமே தேறும். இந்த லாபத்தில் வரி முன்கூட்டிப் பிடிக்கப்படுவதில்லை. ஆனால் அது வருமானத்தோடு சேர்ந்து அவரவர் விகிதப்படி வரிக்கு உட்படும் என்பதை மறக்கலாகாது.

வாங்கும் வழி இரண்டு. ஒன்று, ரிசர்வ் பாங்கு 2021 நவம்பர் 12ஆம் தேதி தொடங்கிவைத்த ‘ரீட்டெயில் டைரக்ட்’ கணக்கு. கணக்குத் திறக்கவும் வைத்திருக்கவும் ஏலத்தில் கேட்கவும் ரிசர்வ் பாங்கு கட்டணம் வாங்குவதில்லை. மற்றொன்று, பங்குகள் வாங்குவதற்காக நம்மில் பலர் ஏற்கெனவே தரகரிடம் வைத்திருக்கும் டீமேட் கணக்கு. பங்குச் சந்தை நம்மைப் போன்ற சிறியவர்களின் கேள்விகளைத் திரட்டி ரிசர்வ் பாங்குக்கு அனுப்புகிறது. குறைந்த அளவு பத்தாயிரம் ரூபாய். அதற்கு மேல் பத்தாயிரத்தின் மடங்குகள். நாம் விலை கூற வேண்டியதில்லை. பெரிய பாங்குகளும் நிறுவனங்களும் போட்டியிட்டு நிர்ணயித்த விலைகளின் எடைச் சராசரி எதுவோ, அதே விலைக்கு நமக்கும் கிடைக்கிறது. கேட்டவர்கள் மிகுந்தால் விகிதப்படி பகிர்ந்து கொடுப்பதும் உண்டு. சரியான விலை ஏலத்துக்குப் பிறகே தெரியுமாகையால், முதலில் சற்றுக் கூடுதலாக வாங்கிக்கொண்டு மீதியைப் பின்னர் திருப்பித் தருவார்கள்.

இந்த வழியில் இடைநிற்பவர் நூறு ரூபாய்க்கு ஆறு காசு வரையில் கூலி வாங்கலாம். ஆறு காசுதானே என்று தோன்றும். 364 நாள் உண்டியலில் அது அற்பம். 91 நாள் உண்டியலை ஆண்டுக்கு நான்கு முறை வாங்குகிறவருக்கோ கிட்டத்தட்டக் கால் சதவீதத்தை விழுங்கிவிடும். கூலி எவ்வளவு என்று தரகரிடம் வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அன்பர் முதலில் தங்கையின் பெயரிலேயே ‘ரீட்டெயில் டைரக்ட்’ கணக்கைத் திறக்க முயன்றார். அதுதான் நேர்மையான முறையும்கூட. அங்கே குறுக்கே நின்றது நம்முடைய பழைய நோய்: பெயர்! தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துதான் உண்டு என்பதை இந்த நாட்டின் எந்தப் படிவமும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பான் அட்டையில் முன்னெழுத்து கூடாதென்று தகப்பனார் பெயர் முழுமையாக விரிந்து நின்றது. பாங்கிலோ கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர். ஆதாரில் வெறும் எழுத்து ஒன்று. ஒரே பெண்மணி மூன்று பேராகிவிட்டாள். திருத்தப் பல வாரங்கள் ஆகுமென்று தெரிந்ததும், அன்பர் தம் தரகர் கணக்கில் தம் பெயரிலேயே வாங்கத் துணிந்தார்.

இது எனக்குப் பிடிக்கவில்லை, அவரிடமே சொன்னேன். உண்டியல் அவர் பெயரில் இருக்கும். லாபத்துக்கு வரியும் அவர் தலையில் விழும். அதைவிடப் பெரிது, இடையில் அவருக்கு ஒன்று நேர்ந்தால் வாரிசுதாரராகக் குறித்த மகன் கைக்கே தொகை போகும். தங்கை எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பாள்? அன்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். மறுநாள், இப்பணம் தங்கையுடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, மகனையும் சாட்சியாகக் கையெழுத்திடச் செய்து, நாகபுரிக்கு அனுப்பிவைத்தார்.

ஆனால் தவறு வேறோர் இடத்தில் பதுங்கியிருந்தது. ஏலம் வழக்கமாகப் புதன்கிழமை நடக்கும். வியாழக்கிழமை உண்டியல் பிறக்கும். 91, 182, 364 ஆகிய மூன்றுமே ஏழால் மீதியின்றி வகுபடுவதைக் கவனியுங்கள். வியாழனன்று பிறந்த உண்டியல் வியாழனன்றே முதிரும். அன்பர் குறித்து வைத்தது ஜூலை 2ஆம் தேதி ஏலம். 3ஆம் தேதி பிறக்கும் உண்டியல் 2026 ஜனவரி 1ஆம் தேதி, வியாழனன்று, பணமாகும். கட்டணத்துக்குக் கடைசி நாள் 5ஆம் தேதி. கணக்குச் சரியே. ஆனால் தரகர் செவ்வாய் மாலையோடு கேள்விகளை முடித்துக்கொண்டுவிடுவார் என்பதை அவர் பார்க்கவில்லை. புதன் காலை பணத்தை மாற்றினார். ஏலத்துக்கு முன்புதானே என்ற நம்பிக்கை. கேள்வி அடுத்த வாரத்துக்குத் தள்ளப்பட்டது. ஜூலை 10இல் பிறந்த உண்டியல் முதிரும் நாள் ஜனவரி 8. ஆறு மாதம் என்று மனத்தில் பதிந்துபோனதால், புதிய தேதியை எண்ணிப் பார்க்கவே அவருக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் இறுதியில்தான் தெரிந்தது. விற்றுவிடலாமே என்பீர்கள். சட்டப்படி தடையில்லை, சந்தையும் இருக்கிறது. ஆனால் அங்கே கோடிக்கணக்கில் கைமாறுகிறவர்களே மிகுதி. ஆறு லட்சத்துச் சில்லறையை வாங்க நல்ல விலை சொல்பவர் யாரும் அவருக்கு அகப்படவில்லை. பாங்கு டெபாசிட்டாக இருந்தால் கொஞ்சம் வட்டியை இழந்தாவது உடைத்திருக்கலாம். உண்டியலுக்கும் டெபாசிட்டுக்கும் உள்ள வித்தியாசங்களில் வட்டி விகிதத்தைவிட இதுவே பெரிது என்பேன்.

தங்கையிடம் மூன்று நாள் பொறு என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. 3ஆம் தேதி மாமி தன் வளையல்களையும் இரட்டை வடச் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தாள். பாங்கில் நகைக் கடன் வாங்கி, கையிருப்பையும் சேர்த்து, 4ஆம் தேதியே நாகபுரிக்குப் பணம் போயிற்று. 8ஆம் தேதி ஆறு லட்சம், ஒரு காசும் குறையாமல், அன்பரின் பாங்குக் கணக்கில் வந்து விழுந்தது. மறுநாள் நகை வீடு திரும்பியது. சில நாள் வட்டியும் கடனுக்கான கட்டணமும் அவர் கைப்பணம். லாபத்தைத் தங்கைக்கு முழுமையாகவே அனுப்பினார்.

இதையெல்லாம் பொங்கலுக்கு வந்த தங்கையிடம் சொன்னது மாமிதான். அந்த அம்மாள் அண்ணனைக் கடிந்துகொள்ளவில்லை; ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பெயர்த் திருத்தத்துக்கு மனுப் போட்டாள். இப்போது மூன்று காகிதங்களிலும் ஒரே பெயர் இருக்கிறது. ரிசர்வ் பாங்கில் அவள் பெயரில் கணக்கும் திறந்தாயிற்று. முதிர்ந்த தொகையைக் கொண்டு அடுத்த உண்டியலைத் தானாகவே கேட்கும் வசதியை ரிசர்வ் பாங்கு 2025 ஆகஸ்டில் அறிவித்ததை அன்பர் உற்சாகமாக எடுத்துச் சொன்னார். “வேண்டாம் அண்ணா. காலண்டரில் நானே வியாழக்கிழமைகளை எண்ணிக்கொள்கிறேன்” என்றாளாம்.