2048-ல நின்னுபோன கூட்டல்: ரஸ்ட்ல எஃப்16 பயன்படுத்தும்போது

இன்னைக்கு எபிசோட் ஒரு மன்னிப்போட ஆரம்பிக்குது. முன்னாடி வேலை பார்த்த கம்பெனியில என் டீம்ல இருந்த ஒரு தோழியோட மாடலை ரெண்டு நாள் குறை சொல்லிட்டு இருந்தேன். கடைசியில தப்பு என் கோட்ல இருந்துச்சு. அதுவும் ஒரே ஒரு வேரியபிளோட டைப்ல.

கதை இதுதான். போட்டோக்களோட தரத்துக்கு மார்க் போடற மாடலை அவங்க பண்ணாங்க. அந்த மார்க்கை எல்லாம் சேர்த்து சராசரி எடுக்கற சர்வீஸை நான் ரஸ்ட்ல எழுதினேன். ஒவ்வொரு போட்டோவுக்கும் 768 எண்கள் கொண்ட ஒரு வெக்டரும் இருந்தது. 10 லட்சம் போட்டோ, ஒரு எண்ணுக்கு 4 பைட்னு வச்சா கிட்டத்தட்ட 3 ஜிபி. எஃப்16-ல ஒரு எண்ணுக்கு 2 பைட் போதும், அதனால மெமரி பாதியாயிடும். ‘சூப்பர்’னு சொல்லி, எஃப்32னு இருந்த இடத்தையெல்லாம் எஃப்16னு மாத்திட்டேன்.

100 போட்டோ வச்சு டெஸ்ட் பண்ணேன். சரியா வந்துச்சு. ஆனா 10,000 போட்டோ போட்டதும் சராசரி 0.2048. ஒவ்வொரு மார்க்கும் 0.7-க்கும் 0.9-க்கும் நடுவுல இருக்கு, சராசரி மட்டும் எப்படி 0.2 வரும்? எரர் இல்ல, வார்னிங் இல்ல, கிராஷும் இல்ல. நான் நேரா மாடலைத்தான் சந்தேகப்பட்டேன்.

16 பிட்டுக்குள்ள என்ன இருக்கு?

2008-ல வந்த ஐ.இ.இ.இ 754 தரநிலை இந்த அமைப்பை வரையறுக்குது. 1 பிட் குறிக்கு, அதாவது ப்ளஸ்ஸா மைனஸா. 5 பிட் அடுக்குக்கு, எண் எவ்வளவு பெருசுன்னு அது சொல்லும். மிச்ச 10 பிட்தான் துல்லியத்துக்கு. அதுல அடங்கற மிகப்பெரிய எண் 65504. 256-ஐ 256-ஆல பெருக்கினாலே 65536, அது உள்ள அடங்காது. விடையா ‘இன்ஃபினிட்டி’ வந்து நிக்கும்.

இதுவாவது கண்ணுக்குத் தெரியும். என்னைக் கவுத்தது வேற. எண் பெருசாக ஆக, பக்கத்து பக்கத்து எண்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியும் பெருசாகும். 1-க்கும் 2-க்கும் நடுவுல இடைவெளி 1/1024. ஆனா 2048-ஐ தாண்டினதும் இடைவெளி 2. அதாவது 2048-க்கு அடுத்த எண் 2050தான். 2049-னு ஒண்ணு எஃப்16-ல கிடையவே கிடையாது.

லாரி எடை போடற மேடையை நினைச்சுக்கோங்க. லாரியில ஒரு கைப்பிடி அரிசி போட்டா டிஸ்ப்ளே அசையாது. பரவாயில்ல, அரிசி லாரியிலதானே இருக்கு, நிறைய போட்டா ஒரு கட்டத்துல எடை ஏறிடும். ஆனா ஒவ்வொரு கைப்பிடிக்கு அப்புறமும் டிஸ்ப்ளேல இருக்கற நம்பருக்கு ஏத்த மாதிரி லாரியை சரிபண்ணி, கூடுதல் அரிசியை கீழ கொட்டிட்டா? விடிய விடிய போட்டாலும் எடை ஏறாது. என் லூப் பண்ணினது அதைத்தான். கூட்டுத்தொகை 2048-ஐ தொட்டதும், 2048 + 0.8 திரும்பவும் 2048-ஆவே ரவுண்ட் ஆச்சு. அதுக்கப்புறம் வந்த மார்க் எல்லாமே தரையில கொட்டிடுச்சு. 2048-ஐ 10,000-ஆல வகுத்தா? 0.2048.

ரஸ்ட் ஏன் தடுக்கல?

நமக்கு ரஸ்ட் மேல ஒரு நம்பிக்கை உண்டு: தப்பு பண்ணா கம்பைலர் திட்டும். மெமரி விஷயத்துல அது உண்மைதான். முழு எண் வழிஞ்சா டீபக் பில்ட்ல பேனிக்கும் ஆகும். ஆனா ரவுண்டிங் ஒரு பிழையே இல்ல. தரநிலை சொன்னபடிதான் எல்லாம் நடந்திருக்கு.

இன்னொண்ணு. இந்தப் பதிவு நேரத்துல மொழிக்குள்ளயே இருக்கற எஃப்16 டைப் நைட்லியில மட்டும்தான் கிடைக்குது. ஸ்டேபிள்ல வேணும்னா ‘ஹாஃப்’ங்கற கிரேட் இருக்கு. ஜிக்ல எஃப்16 மொழியோடவே வருது. சி மொழிக்கும் சி++-க்கும் 2023 தரநிலையில வழி இருக்கு, ஆனா அது கட்டாயம் இல்ல, கம்பைலரைப் பொறுத்தது.

வேகம் கூடும்னு நினைச்சீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. இன்டெல் 2012-ல ஐவி பிரிட்ஜ் சிப்போட கொண்டு வந்தது எஃப்16-ஐ எஃப்32-ஆ மாத்தி, திரும்ப மாத்தற வசதி மட்டும்தான். அப்படிப்பட்ட சிப்ல ஒவ்வொரு கூட்டலுக்கும் விரிச்சு, கூட்டி, மறுபடி சுருக்கணும். மெமரி மிச்சம், கணக்கு வேகம் குறையக்கூட செய்யலாம்.

அப்போ என்ன பண்ணலாம்?

சேமிக்கறது 16-ல, கூட்டறது 32-ல. அவ்வளவுதான். வெக்டர் எல்லாம் எஃப்16-லயே இருக்கட்டும். லூப்புக்குள்ள எடுக்கும்போது எஃப்32-ஆ மாத்துங்க, கூட்டுத்தொகையை வச்சிருக்கற வேரியபிளை எஃப்32-ஆ வைங்க. நான் மாத்தினது ஒரே வரி, சராசரி 0.8 ஆயிடுச்சு. 2017-ல என்விடியா கொண்டு வந்த வோல்டா ஜிபியுவோட டென்சர் கோர்லயும் இதே யோசனைதான்: 16 பிட் எண்களைப் பெருக்கி, 32 பிட்ல கூட்டிக்கலாம்.

‘பிஎஃப்16 போட்டா சரியாகுமா?’னு கேப்பீங்க. அதுல அடுக்குக்கு 8 பிட் இருக்கறதால 65504 பிரச்னை வராது. ஆனா துல்லியத்துக்கு 7 பிட்தான் மிச்சம். அங்க 256-லயே ஒண்ணு ஒண்ணா கூட்டறது நின்னுடும்.

டெஸ்ட் எழுதும்போது சின்ன டேட்டாவோட நிறுத்தாதீங்க. நிஜமா வரப்போற அளவுல ஒரு தடவை ஓட்டி, அதே கணக்கை எஃப்64-லயும் போட்டு ஒப்பிட்டுப் பாருங்க. நான் 100-ல நிறுத்தினேன், அதுக்கான விலையை இன்னொருத்தர் ரெண்டு நாள் கட்டினாங்க.

அவங்ககிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டுட்டேன். ‘அடுத்த தடவை முதல்ல உன் டைப்பைப் பாரு’ன்னாங்க. அதையேதான் உங்களுக்கும் சொல்றேன். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்!