நெய்க்கறையும் மூலக்கூறின் வடிவமும்

பட்டுச்சேலையில் நெய் சிந்தினால் என்ன செய்வீர்கள்? தண்ணீரை ஊற்றித் தேய்ப்பீர்களா? நான் அதைத்தான் செய்தேன். தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காக அம்மாவின் கல்யாணப் பட்டை மலேசியாவிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்தேன். அன்றிரவு விருந்தில் கேசரித் தட்டு கவிழ்ந்து முந்தானை முழுக்க நெய். கேலாங்கில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்து, குழாயடியில் அரைமணி நேரம் தேய்த்தேன். கறை இம்மியும் அசையவில்லை.

மறுநாள் பக்கத்து லோரோங்கில் உள்ள டிரை கிளீனிங் கடைக்குப் போனேன். கடைக்கார ஆன்ட்டி சேலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தண்ணீரில் நனைத்தாயா?" என்று மலாயில் கேட்டார். தலையாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரசீது எழுதினார்.

வேதியியல் படிக்கும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ்ப்பள்ளியில் 'துருவம்' என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அதையே 'குதுப்' என்றார்கள். பல்கலைக்கழகத்தில் 'போலார்'. மூன்று மொழியிலும் சொல் தெரியும். பொருள்தான் தெரியாமல் இருந்திருக்கிறது!

முனைவுத்தன்மை என்றால் என்ன?

இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதே பிணைப்பு. இந்தப் பகிர்வு எப்போதும் சமமாக இருப்பதில்லை. ஆக்சிஜன், குளோரின் போன்றவை எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுக்கும். இழுத்த பக்கம் சற்றே எதிர்மின்னாகவும் மறுபக்கம் சற்றே நேர்மின்னாகவும் ஆகிவிடும். இதுவே முனைவுள்ள பிணைப்பு.

பிணைப்புகள் முனைவுள்ளவை என்றால் மூலக்கூறும் முனைவுள்ளதாகத்தானே இருக்க வேண்டும்? முதலாண்டுத் தேர்வில் நான் அப்படித்தான் எழுதி மதிப்பெண் இழந்தேன். பிணைப்புகள் எந்தத் திசையில் இழுக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது மூலக்கூறின் வடிவம்.

சேலை மடிப்பதை நினைத்துப் பாருங்கள். இருவர் எதிரெதிரே நின்று சமமாக இழுத்தால் சேலை எந்தப் பக்கமும் நகராது. அதே இருவரும் சற்று ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்று இழுத்தால், சேலை அந்தப் பக்கம் போய்விடும்.

கரியமில வாயுவில் இரண்டு ஆக்சிஜன்கள் கார்பனின் இருபுறமும் நேர்கோட்டில், 180 பாகையில் நிற்கின்றன. இழுவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் மூலக்கூறு முனைவற்றது. நீரில் மைய ஆக்சிஜனைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இணைகள் உள்ளன. இரண்டு பிணைப்பில் ஈடுபட்டவை. மற்ற இரண்டு தனித்தவை. இவை ஒன்றையொன்று விலக்குவதால், இரு ஹைட்ரஜன்களும் 104.5 பாகையில் வளைந்து நிற்கின்றன. இழுவிசை ஈடாகாததால் நீர் முனைவுள்ளது. அதன் அளவு 1.85 டிபை. மூலக்கூறுகளின் இருமுனைகளை ஆராய்ந்து 1936-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் டிபையின் பெயரே இந்த அலகுக்கு வைக்கப்பட்டது. எலக்ட்ரான் இணைகளின் விலக்கத்தைக் கொண்டு வடிவத்தைக் கணிக்கும் முறையை 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் வகுத்துத் தந்தனர்.

அணுக்கள் ஒன்றே, குணம் வேறு

வடிவத்தின் வலிமைக்கு இன்னொரு சான்று டைகுளோரோஎத்தீன். இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின். நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பு சுழலாது. இரு குளோரின்களும் ஒரே பக்கம் இருந்தால் அது 'சிஸ்'. எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் 'டிரான்ஸ்'. சிஸ் வடிவம் முனைவுள்ளது. ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் கொதிக்கும். டிரான்ஸ் வடிவம் முனைவற்றது. ஏறத்தாழ 48 பாகையிலேயே கொதித்துவிடும். அணுக்களில் மாற்றமில்லை, பிணைப்புகளிலும் மாற்றமில்லை. நிற்கும் இடம்தான் மாறியது.

அந்த இரண்டு ஹைட்ரஜன்களுக்குப் பதிலாகவும் குளோரினையே வைத்தால் கிடைப்பது டெட்ராகுளோரோஎத்திலீன். உலகெங்கும் டிரை கிளீனிங்கில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் கரைப்பான் இது. நான்கு பிணைப்புகளும் முனைவுள்ளவை. ஆனால் மூலக்கூறு தட்டையானது. ஒரு பக்கத்து இரண்டு குளோரின்களின் இழுப்பை மறுபக்கத்து இரண்டும் சரிக்கட்டிவிடுகின்றன. மொத்த முனைவு சுழியம்.

நெய்யின் மூலக்கூறுகளில் பெரும்பகுதி நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகள், கிட்டத்தட்ட முனைவற்றவை. நீர் மூலக்கூறுகளோ நேர்முனையும் எதிர்முனையுமாகத் தமக்குள் கைகோத்து நிற்பதால், நெய்க்கு இடம் கொடுப்பதில்லை. முனைவற்ற கரைப்பான் அப்படித் தடுப்பதில்லை. நெய் அதில் எளிதில் கரைந்துவிடும். தண்ணீரே படாமல் வெளுப்பதால்தான் அதை 'உலர் சலவை' என்கிறோம். பட்டு ஒரு புரதம் என்பதையும் மறக்கக்கூடாது. நீர் புகுந்தால் இழை உப்பும், சாயமும் கசியலாம்.

ஓர் எச்சரிக்கை

நெய்யோடு ஒட்டும் அந்தக் குணம், நம் உடற்கொழுப்போடும் ஒட்டும். டெட்ராகுளோரோஎத்திலீன் சுவாசத்தின் வழி உள்ளே போய்க் கொழுப்பில் தங்கக்கூடியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருளாக அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை வகைப்படுத்தியுள்ளது. உலர் சலவையில் இதன் பயன்பாட்டைப் படிப்படியாக நிறுத்தும் விதியை அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் வெளியிட்டது. மாற்றுக் கரைப்பான்களில் ஒன்று எது தெரியுமா? உயர் அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட கரியமில வாயு! நேர்கோட்டில் நிற்கும் அதே முனைவற்ற மூலக்கூறுதான். கரைப்பான் வாடை அடிக்கும் துணியை உடனே அலமாரியில் பூட்டாமல், காற்றாட விடுவது நல்லது.

நான்கு நாள் கழித்துச் சேலை திரும்பி வந்தது. நெய்க்கறை முழுதாகப் போயிருந்தது. நான் தேய்த்த இடத்தில் தண்ணீர்த்தடம் மட்டும் மங்கலாக நிற்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அவர் படித்துத் தெரிந்துகொள்வார். அம்மா, மன்னித்துவிடுங்கள், காரணத்தையாவது தமிழில் எழுதிவிட்டேன்.