கிணற்று வேலைக்குப் பொலியெஸ்டர்க் கயிறு

கோடையிற் கிணற்று நீர் தாழும்போது அடியிற் படிந்த சேற்றை அள்ளி வெளியேற்றுவது யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டக் கமக்காரருக்குப் பழகிய வேலை. ஒருவர் கீழே நின்று வாளியை நிரப்புவார். மேலே நிற்போர் கப்பியில் இழுப்பர். நிறைந்த வாளி கீழே நிற்பவரின் தலைக்கு மேலாகவே எழும்பும். அவ்வேளையில் அவருடைய உயிர் அந்தக் கயிற்றிலேயே தங்கியுள்ளது. எனினும், கயிறு வாங்கும்போது விலையையும் நிறத்தையுமன்றி வேறெதையும் விசாரிப்போர் சிலரே.

தும்புக்கயிறு கைக்கு நன்கு பிடிபடும், முடிச்சும் வழுவாது. ஆயினும் அடிக்கடி நனைந்து ஈரமாகவே கிடந்தால் உள்ளே உக்கிவிடும். இன்று கடைகளிற் செயற்கை நார்க் கயிறுகள் எல்லாம் பெரும்பாலும் 'நைலோன் கயிறு' என்ற ஒரே பெயரால் விற்கப்படுகின்றன. உண்மையில் அவை ஒன்றல்ல. மலிவான நீல, பச்சைக் கயிறுகளிற் பல பொலிபுரோப்பிலீன் என்பதால் ஆனவை. இது வெயிலில் விரைவிற் கெடும். நைலோன் மிக வலியது. ஆனால் பாரம் ஏறினால் நீளும், நனைந்தால் வலு சற்றுக் குறையும். 1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்ட பொலியெஸ்டர் நாரோ அதிகம் நீளாது; நனைந்தாலும் வலு குன்றாது; வெயிலையும் பெரிதும் தாங்கும். சிறு பாய்வள்ளங்களிற் பாயை ஏற்றுவதற்கு இக்கயிற்றை விரும்புவதும் இதனாலேயே. கயிறு நீண்டால் பாய் தளர்ந்துவிடும். கிணற்றிலோ, நீளும் கயிற்றில் வாளி துள்ளும். அறுந்தால் கயிறு சீறியடிக்கும்.

வாங்குமுன் சிறு துண்டொன்றை நீரில் அமிழ்த்தி விடுக. மிதப்பது பொலிபுரோப்பிலீன். நைலோனும் பொலியெஸ்டரும் அமிழும். இவ்விரண்டிலும் ஒரே தடிப்பும் நீளமும் உள்ளவற்றைத் தூணிற் கட்டி இழுத்தால், கூடுதலாக நீண்டு மீள்வது நைலோன்.

10 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள நல்ல பொலியெஸ்டர்க் கயிறு புதிதாயிருக்கையில் ஏறத்தாழ 1,500 கிலோகிராம் பாரத்திலேயே அறும். சேற்று வாளியோ 20 கிலோகிராம் அளவு. அவ்வாறாயின் மெல்லிய கயிறு போதாதோ எனச் சிலர் கேட்பர். போதாது. முடிச்சிட்ட இடத்தில் வலு அரைவாசியளவுக்குக் குறையலாம். வழுவி விழுந்து சடுதியாக நிற்கும் வாளியின் இழுவை அதன் நிறையிலும் பன்மடங்காகும். ஆகவே அறும் பாரத்திற் பத்திலொரு பங்குக்கு மேல் ஏற்றலாகாது. அன்றியும் மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். 12 மில்லிமீற்றர்க் கயிறு பிடிப்பதற்கு வசதியானது. அதற்குக் கப்பியின் சில்லு 10 சதமமீற்றர் விட்டமாவது இருத்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எனது பிரிவில் ஒரு கிணற்றில் நீலக் கயிறு அறுந்து, வாளி கீழே நின்றவரின் தோளை உரசி வீழ்ந்தது. அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றமையாற் பிழைத்தார். பாரம் மிகுந்ததால் அறுந்தது என அயலவர் கூறினர். வாளியோ பாதிதான் நிறைந்திருந்தது. கயிற்றை வாங்கிப் பார்த்தேன். ஓராண்டுக்கு மேலாக மாட்டுக் கொட்டிற் கூரையில் வெயிலிற் கிடந்த கயிறு அது. நகத்தாற் சுரண்டியதும் மாவாக உதிர்ந்தது.

பொலியெஸ்டர் வழுவழுப்பானது, தும்புக்கயிற்றுக்கு இடும் முடிச்சு இதற்கு ஆகாது. வாளிக் கைபிடியில் இருமுறை சுற்றி, இரண்டு அரைமுடிச்சிட்டு, நுனியை ஒரு சாண் மிச்சம் விட்டு, அதனை நூலால் தாய்க்கயிற்றோடு இறுகக் கட்டுக. வெட்டிய நுனியைச் சுடரிற் காட்டி உருக்கினால் புரி பிரியாது. கிணற்றுக்கட்டின் விளிம்பிற் கயிறு உரசுமாயின் சாக்குத் துண்டொன்றை இடுக. சுண்ணாம்பும் சீமெந்தும் படவிடலாகாது.

வாளிக் கயிற்றில் ஆள் இறங்கலாகாது. அவருக்கு வேறு கயிறு வேண்டும். எண்ணெயில் ஓடும் இறைப்பு எந்திரத்தை உள்ளே இறக்கி ஓட்டிய கிணற்றில், அதன் நச்சுப்புகை தங்கியிருக்குமாதலால், எவரும் இறங்கவே கூடாது.

ஒவ்வொரு கோடைக்கு முன்பும் கயிற்றை முழு நீளத்துக்கும் கையால் உருவிப் பார்க்க வேண்டும். புரியை விரித்து உள்ளேயும் நோக்குக. ஒரு புரி அறுந்திருந்தாலும் கயிற்றைக் கழித்துவிடுக. கழித்த கயிற்றை முழத் துண்டுகளாக வெட்டிப் பாகற்பந்தலுக்குக் கொள்ளலாம். முழுதாக வைத்தால் அடுத்த கோடையில் எவரேனும் அதையே கப்பியிற் போடுவர்.