அடுக்களையும் பட்டறையும்: அமெரிக்க உயர்நிலைப்பள்ளியின் இரு வகுப்பறைகள்

1950-களில் வெளிவந்த அமெரிக்க உயர்நிலைப்பள்ளி ஆண்டு மலர்களைப் புரட்டினால் இரண்டு வகைப் படங்கள் தவறாமல் கண்ணில் படும். ஒன்றில் ஏப்ரன் கட்டிய மாணவிகள் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். மற்றொன்றில் மாணவர்கள் மரம் கடையும் இயந்திரத்தின் முன் குனிந்திருப்பார்கள். பார்ப்பதற்கு இனிமையான படங்கள்தாம். ஆனால் எந்தப் பிள்ளை எந்த அறைக்குள் போகவேண்டும் என்பதை யார் முடிவு செய்தார்கள்?

விடையின் ஒரு பகுதி 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஹோக் ஸ்மித், டட்லி ஹியூஸ் ஆகிய இருவரின் பெயரால் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் எனப்பட்ட அது, அதிபர் உட்ரோ வில்சனின் கையொப்பம் பெற்று நடப்புக்கு வந்தது. வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆகிய பாடங்களைப் பள்ளிகளில் நடத்தக் கூட்டரசு பணம் கொடுக்கும். மாநிலமோ வட்டாரமோ அதற்கு ஈடான தொகையைப் போடவேண்டும். பணம் வந்தால் விதியும் உடன் வருமல்லவா? வேளாண்மை படிக்கும் மாணவன் ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது மேற்பார்வையின்கீழ்ப் பண்ணையில் வேலை செய்தாக வேண்டும். கைத்தொழில், மனையியல் ஆசிரியர்களின் சம்பளத்திற்கென ஒதுக்கிய தொகையில் மனையியலுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. பாதிப் பிள்ளைகள் பெண்கள். அவர்களுக்கென்று கருதப்பட்ட பாடத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு. இக்கணக்கை வாசகர்களே எடைபோட்டுக் கொள்ளலாம்.

வகுப்பறைக்குள் நுழைவோம். மனையியல் அறை பொதுவாகச் சிறுசிறு சமையற்கட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு, ஒரு கழுவுதொட்டி, நான்கைந்து மாணவிகள். தொடக்கத்தில் கற்பிக்கப்படும் பாடங்களுள் ஒன்று வைட் சாஸ். வெண்ணெயில் மாவைக் கலந்து பால் ஊற்றிக் கிளறும் எளிய வேலை அது. ஆனால், ஆசிரியர் கேட்பது ருசியை மட்டுமன்று. மாவை நேராகச் சூடான பாலில் கொட்டினால் ஏன் கட்டி தட்டுகிறது? வெளிப்புற மாவு உடனே வெந்து, உள்ளே நீர் புகாதபடி அடைத்துவிடுகிறது. வெண்ணெய் மாவுத் துகள்களை முதலிலேயே பிரித்து வைப்பதால் அந்தத் தொல்லை இல்லை. இது வேதியியல் அல்லாமல் வேறென்ன? தையலில் முதல் வேலை பெரும்பாலும் ஏப்ரன், பிறகு பாவாடை. துணியின் இழையோட்டம் பார்த்துக் காகித மாதிரியை வைத்து வெட்டுவது, குடும்ப வரவுசெலவு போடுவது, குழந்தை பராமரிப்பு என்று பாடம் விரியும்.

இப்பாடத்திற்கு அறிவியல் முகம் இருந்ததற்குக் காரணம் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், 1873-இல் அங்குப் பட்டம் பெற்ற வேதியியலாளர். 1909-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே. வேதியியல் துறைகள் பெண்களுக்குக் கதவடைத்த காலத்தில், ஆய்வுக்கூடத்தில் நிற்க அவர்களுக்குக் கிடைத்த இடம் மனையியல்தான். நம்மவர்க்கும் இதில் ஓர் உறவு உண்டு. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்துத் துறையில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ், கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை வளர்த்தெடுத்தவர்களுள் ஒருவர்.

பட்டறை வகுப்பைப் பற்றி நீளமாகச் சொல்லவேண்டியதில்லை. முதலில் வரைபடம், பிறகு மரம், பிறகு உலோகம். வசதியுள்ள பள்ளிகளில் மோட்டார் வாகனம். பறவைக்கூடும் மேசைவிளக்கும் வீட்டுக்கு வந்து சேரும். வேளாண்மை மாணவர்கள் 1928-இல் தொடங்கிய வருங்கால உழவர் அமைப்பின் நீலநிறக் கார்டுராய் மேற்சட்டையை அணிந்து பெருமையோடு வலம் வந்தார்கள். அவ்வமைப்பில் பெண்களுக்கு 1969 வரை இடமில்லை. தெற்கில் கருப்பின மாணவர்களுக்குப் பள்ளி மட்டுமல்லாமல் உழவர் அமைப்பும் மனையியல் அமைப்பும்கூடத் தனித்தனியே இருந்தன. அவை 1965-இல்தான் இணைக்கப்பட்டன.

சிக்கல் இனித்தான் வருகிறது. ஸ்மித்-ஹியூஸ் சட்டம் உருவாக முன்னின்று உழைத்த சார்ல்ஸ் பிராசர், 1945-இல் வாஷிங்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஒரு கணக்கு சொன்னார். மாணவர்களில் 20 விழுக்காட்டினர் கல்லூரிக்கு. 20 விழுக்காட்டினர் திறன்தொழிலுக்கு. மீதி 60 விழுக்காட்டினருக்கு 'வாழ்க்கைக்கு இசைவுறும்' பயிற்சி. கேட்க அக்கறையாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த 60 விழுக்காட்டில் யார் யாரைப் போடுவது? ஆலோசகரின் மேசையில் அம்முடிவு எடுக்கப்பட்டபோது தோலின் நிறமும் பெற்றோரின் வருமானமும் பேசாமல் இருக்கவில்லை. 1957-இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. 1958-இல் அமெரிக்கக் கூட்டரசு கணிதம், அறிவியல், அயல்மொழிகளுக்குப் பணத்தைக் கொட்டியது. பட்டறைக்கும் அடுக்களைக்கும் ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்?

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் இதற்கு எதிர்வினை காட்டியது. மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். எங்களையும் கல்லூரிக்குத் தயார்செய்யுங்கள், கைவேலைக்கும் வீட்டுவேலைக்கும் மட்டும் பழக்காதீர்கள் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. ஆசிரியர் சால் காஸ்ட்ரோ உட்படப் பதின்மூவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் சுத்தியலையோ ஊசியையோ இழிவாகக் கருதவில்லை என்பதை இங்குக் கவனிக்கவேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களிடம் இல்லை என்பதே அவர்களின் குறை.

பெண்களின் கதை சற்று வேறு. ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1950-களின் நடுவிலிருந்து 'நாளைய இல்லத்தரசி' என்றொரு போட்டியைப் பள்ளிகளில் நடத்தியது. பெட்டி குரோக்கர் என்ற பெயரில் நடந்த போட்டி அது. அப்படி ஒரு பெண்மணி இருந்ததே இல்லை, 1921-இல் அந்நிறுவனத்தின் முன்னோடி நிறுவனம் படைத்த பெயர். இன்னொரு வேடிக்கை, யாரும் சமைத்துக் காட்டத் தேவையில்லை, எழுத்துத் தேர்வுதான். அதனால் கெட்டிக்கார மாணவிகள் பலர் உதவித்தொகைக்காக அதை எழுதினார்கள். அப்பட்டத்தைப் பெற்றவர்களுள் ஒருவர், பின்னாளில் சட்டப் பேராசிரியராகவும் செனட்டராகவும் ஆன எலிசபெத் வாரன்.

1972-இல் வந்த கல்விச் சட்டத்திருத்தத்தின் ஒன்பதாம் பிரிவு பால்வேற்றுமையைத் தடை செய்தது. 1975-இல் அதன் விதிமுறைகள் நடப்புக்கு வந்தபோது, மனையியலையோ பட்டறையையோ ஒரு பாலார்க்கு மட்டும் என்று எந்தப் பள்ளியும் ஒதுக்கிவைக்க முடியாமற் போயிற்று. மாணவிகள் வெல்டிங் கண்ணாடி அணிந்தார்கள். மாணவர்கள் சமையற்கட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கூச்சப்படாதிருக்கச் சில பள்ளிகள் அவ்வகுப்புக்குப் 'பிரம்மச்சாரி வாழ்க்கை' என்று பெயர் வைத்துப் பார்த்தன. 1994-இல் மனையியல் என்ற பெயரே 'குடும்ப, பயனீட்டாளர் அறிவியல்' என மாறியது. ஸ்மித்-ஹியூஸ் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது.