காயமும் கட்டணமும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் நிறைவுக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைக்கின்றார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர் என்பன அந்நான்காம். பொருள் செலுத்துபவர் என்றோர் ஐந்தாம் கூறு ஆங்கில்லை. இன்றோ விபத்துப் பிரிவின் வாயிலில் முதலாவதாகத் தேடப்படுபவர் அவரே. அவர் கிடைத்த பின்னரே ஏனைய நான்கும் ஒன்று சேர்கின்றன.

நோய் பெரும்பாலும் அறிவித்துக்கொண்டு வருகிறது. காயம் அவ்வாறு வருவதன்று. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் தலையில் அடிபட்டுக் கிடக்கிறார். இரவு பத்து மணிக்கு அடகுக் கடை திறந்திருப்பதில்லை. எனவே, மருத்துவக் காப்பீடு இல்லாத குடும்பத்தினர் நூற்றுக்கு ஐந்து, பத்து என வட்டி கேட்பவரின் கதவைத் தட்டுகின்றனர். காப்பீடு இல்லாதவர்க்குப் பொறுப்பேற்பார் எவருமிலர் என்னும் எண்ணமே அவர்களை அங்குச் செலுத்துகிறது. அவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானது என்பதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1992ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மாலை, மேற்கு வங்கத்தின் மதுராப்பூர் நிலையத்தில் வேளாண் தொழிலாளர் ஒருவர் ஓடும் இரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமுற்றார். அவ்வூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போதிய வசதியில்லை. கல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கை காலியில்லை என்றோ கருவி இல்லை என்றோ கூறி அவரைத் திருப்பியனுப்பின. இரவெல்லாம் அலைந்த பின்னர், தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார். அதற்கான செலவு ஏறத்தாழ 17,000 ரூபாய். வேளாண் கூலிக்கு அக்காலத்தில் அத்தொகை என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

அவர் சார்ந்திருந்த தொழிலாளர் அமைப்பு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 மே 6ஆம் நாள் வெளியான தீர்ப்பு, அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு வழங்குமாறு மாநில அரசைப் பணித்தது. உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு இக்கடமையிலிருந்து விலக முடியாது என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. தனியார் மருத்துவமனைகளும் இக்கடமைக்குப் புறம்பானவை அல்ல. காயமுற்றவரின் உயிரைக் காப்பதே முதற்கடன். காவல்துறை நடைமுறைகள் அதற்குப் பிந்தியவை. இக்கடமை அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்னும் வேறுபாடின்றி அனைவர்க்கும் உரியது என 1989இலேயே பர்மானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருந்தது.

மாணவர்க்கு ஒரு சொல். சாலையில் கிடப்பவரைத் தூக்கிச் செல்பவர் பெரும்பாலும் நீங்களே. கொண்டுவந்து சேர்த்தவரையே பணம் கட்டச் சொல்வார்களோ, சாட்சிக்கு இழுப்பார்களோ என்னும் அச்சத்தால் பலர் விலகிச் செல்கின்றனர். இவ்வச்சத்துக்கு இடமில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறிமுறைகளும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் அவ்வாறு உதவுபவர்க்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டும் என்று அவரை வற்புறுத்த இயலாது.

இனிப் பணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் காயமுற்றவர்க்கு, அத்திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரையறுத்த சிகிச்சை முறைகளுக்கு, தொடக்கத்தில் ஒருவர்க்கு ஓர் இலட்சம் ரூபாய் என்னும் வரம்புக்குட்பட்டு அரசே ஏற்பது அதன் அமைப்பு. காப்பீட்டு அட்டை உண்டா, வருமானம் எவ்வளவு, எம்மாநிலத்தவர் என்னும் வினாக்கள் அதில் எழுவதில்லை. நடுவணரசும் 2025 மே மாதத்தில், விபத்து நாள்முதல் ஏழு நாள்களுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவிக்கை செய்தது.

இங்கு ஒன்றை வலியுறுத்த விரும்புகின்றேன். அந்த 48 மணி நேரம் குடும்பத்தினர்க்குக் கிடைக்கும் தவணையாகும். அதனை வட்டிக்கடைக்கு நடப்பதில் கழித்தல் ஆகாது. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்றுக்கு நடப்பதே அறிவுடைமை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை பெறாதவர், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். அட்டை இருந்தாலும், சேர்ந்திருக்கும் மருத்துவமனை அத்திட்டத்தில் உள்ளதா, செய்யவிருக்கும் அறுவை பட்டியலில் அடங்குமா என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். இல்லையெனில், நோயாளியின் நிலை இடம் கொடுக்குமாயின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவது குறித்து மருத்துவரிடமே வெளிப்படையாகப் பேசலாம். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

காப்பீடு அற்றவர் என்று நாம் சொல்லும் அம்மனிதரை இடித்த வாகனத்துக்குக் காப்பீடு உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மூன்றாம் நபர்க்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு இன்றி எவ்வாகனமும் சாலையில் ஓடலாகாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டளை. காயமுற்றவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்து மருத்துவச் செலவு, வருமான இழப்பு, உடனிருந்தவரின் செலவு, வலி, வேதனை ஆகியவற்றுக்கு இழப்பீடு பெறலாம். தாம் வாழும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யவும் சட்டம் இடமளிக்கிறது. ஆறு மாத காலவரையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மீண்டும் புகுத்தியிருப்பதால், அதற்குள் மனுச் செய்துவிடுவது நலம். இடித்த வாகனம் இன்னதென்று தெரியாவிடின், 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும், உயிரிழப்புக்கு இரண்டு இலட்சம் ரூபாயும் உண்டு. யாரும் இடிக்காமல் தாமே சறுக்கி விழுந்தவர்க்கு இவ்வழி அடைபட்டதே எனலாம்.

இவ்வழியை மக்கள் தம் வாயாலேயே அடைத்துக்கொள்வதும் உண்டு. அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது 'ஏ.ஆர்.' என வழங்கும் விபத்துப் பதிவேட்டில் காயம் எவ்வாறு நேர்ந்தது என எழுதுவர். காவல் நிலையம் செல்ல நேருமே என்று அஞ்சியும், இடித்தவர் கையில் கொடுத்த இரண்டாயிரத்தை நம்பியும், "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று உறவினர் சொல்லிவிடுகின்றனர். அவ்வொரு வரி ஈராண்டு கழித்துத் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கைக்கருவியாகும். நடந்ததை நடந்தவாறே, வாகன எண் தெரியுமாயின் அதனையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். பதிவேட்டின் படி, முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், வீடு திரும்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கம், மருந்துக்கடை இரசீதுகள் ஆகிய அனைத்தையும் ஒரு பையில் இட்டு வைத்தல் வேண்டும். நோயாளியின் பெயரும் நாளும் இல்லாத துண்டுச் சீட்டு பயன் தராது. முழுத் தொகைக்கும் இனவாரியான பட்டியல் கேட்பது நோயாளியின் உரிமை. கட்டணத் தகராற்றுக்காக நோயாளியையோ உடலையோ தடுத்து வைத்தல் ஆகாது என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனமும் கூறுகிறது.

காயங்கள் யாவும் சாலையில் நேர்வன அல்ல. சாரத்திலிருந்து விழும் கொத்தனார், இயந்திரத்தில் விரல் இழக்கும் தொழிலாளி ஆகியோர்க்கு வேலை கொடுத்தவரே பொறுப்பாளி. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இப்பொறுப்பு, 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உண்மையில் செலவான மருத்துவத் தொகை முழுவதையும் உள்ளடக்கியது. இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெறுகிறது. ஆயினும் கூலித்தொழிலாளர்க்கு வேலைச் சான்று என ஒன்றும் இருப்பதில்லை. உடன் வேலை செய்தவரின் சாட்சியமும் வருகைக் குறிப்பேடுமே கைகொடுக்கும்.

நம் ஊர்களில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் மருத்துவ உதவி கேட்டு அறிவிப்புச் செய்வதும், பைத்துல்மால் நிதியிலிருந்து வழங்குவதும் வழக்கமாக உள்ளன. இவ்வுதவி பெரிதும் மருத்துவமனைக் கட்டணத்துக்கே, அதுவும் முதல் வாரத்திலேயே சென்று முடிந்துவிடுகிறது. அக்கட்டணத்துக்கு மேற்கூறிய வழிகள் உளவா என்று முதலில் ஆராய்வதற்குப் படித்த இளைஞர் இருவரை ஜமாஅத்துப் பெரியோர் மருத்துவமனைக்கு அனுப்புவாராயின், திரட்டிய தொகையில் ஒரு பகுதி மிஞ்சும். தீர்ப்பாயத்தின் பணம் வர ஆண்டுகள் ஆகலாம். காலில் கம்பி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படுத்திருப்பவரின் வீட்டு வாடகையையும் அரிசிச் செலவையும் மேற்சொன்ன மருத்துவத் திட்டங்களுள் எதுவும் தருவதில்லை. மிஞ்சும் தொகைக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.